பின்வாசலில் ஓர் ஒத்திகை

பதினொன்றுக்குச் சங்கு ஊதுவார்கள், இப்போது மணி பத்து இருபது, அதுவரை இந்தப் பின்வாசல் கதவுக்கு முன்னால் நான் நின்றுகொண்டே இருக்க வேண்டும், நாற்காலியைக் காலையிலேயே தூக்கிப் போய்விட்டார்கள், தீயணைப்பு நிலைய அதிகாரி வருகிறாராம், தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வருகிறதாம், வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தால் கல்லூரிக்குக் கேவலமாம், பதினெட்டு வருஷமாக உட்கார்ந்தேதான் இந்தக் கல்லூரியைக் காத்திருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியவில்லை. வலது முட்டி உள்ளுக்குள் அரைக்கிறது. புதுச் சட்டை, கஞ்சி போட்டது, கழுத்தில் அறுக்கிறது. கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள், அதில் வெளியேற்றப் பொறுப்பாளர் என்று அச்சடித்திருக்கிறது, பொறுப்பாளர் கொம்பையா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, முன்பெல்லாம் என்றால் டீக்கடையில் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பேன். கதவில் வரைபடம் ஒட்டியிருக்கிறது, கண்ணாடித் தாள் போட்டு, மழையில் நனையாதபடி. பெண்கள் விடுதியில் ஒரு சிவப்பு அம்பு கிளம்புகிறது, சமையல்கூடத்தைச் சுற்றுகிறது, நான் நிற்கிற இந்தக் கதவைத் தாண்டுகிறது, வாய்க்கால் கரையோடு போய் அரசுப் பள்ளி மேட்டில் முடிகிறது. அழகான அம்பு. என் வாயிலிருந்து வந்த அம்பு. அந்தக் கரை நாலு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் என் காலுக்குக் கீழே உடைந்தது, அது எனக்குத் தெரியும், பெண்கள் விடுதியில் காவலுக்கு இருக்கிற தங்கமாரிக்குத் தெரியும், வேறு ஒருத்தருக்கும் தெரியாது. இன்றைக்கு வெயில், கரை காய்ந்து கிடக்கிறது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எட்டு நிமிஷத்தில் மேட்டுக்குப் போய்விடும், அதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார், அப்புறம் ஐப்பசி மழை வரும், நிஜச் சங்கு ஊதும், இருநூற்று அறுபத்து நாலு பிள்ளைகளும் இந்த அம்பைப் பார்த்து நடக்கும். ஒத்திகை ஜெயிக்கக் கூடாது. இதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன், வேறு எதையாவது நினைக்கலாம் என்று பார்க்கிறேன், முட்டியை நினைத்தால்கூட அது கரையில்தான் போய் நிற்கிறது.

இருநூற்று அறுபத்து நாலு. அன்றைக்கு ஒன்பதே பேர். பரீட்சைக்கு முந்தின விடுமுறை, மார்கழி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மற்ற பிள்ளைகளெல்லாம் ஊருக்குப் போய்விட்டன, இந்த ஒன்பதும் தங்கமாரியும்தான் விடுதியில். மேற்கே குளம் உடைந்துவிட்டது என்று போன் வந்தபோது தண்ணீர் கணுக்காலில் இருந்தது, போனை வைத்தபோது முட்டியில் இருந்தது. நான் தங்கமாரியிடம் சொன்னேன், நீ பிள்ளைகளைப் பாரு, நான் வெளியே போய் ஆள் கூட்டிக்கிட்டு வாறேன் என்று. அப்படிச் சொன்னது வாய். கால் எங்கே போனது என்று காலுக்குத்தான் தெரியும். என் வீடு பள்ளி மேட்டுக்கு அந்தப் பக்கம். இந்தக் கதவைத் திறந்து, கரையில் ஏறி, இருநூறு எட்டு வைத்திருப்பேன், திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்காமல் போகிறவன் ஆள் கூட்டி வரப் போகிறவன் இல்லை, அது எனக்கு அப்போதே தெரிந்தது, தெரிந்துகொண்டேதான் நடந்தேன். டீயில் ஊறின ரஸ்க் மாதிரி கரை கரைந்தது. சத்தமே இல்லை. கையில் சிக்கின ஓர் உடைமுள் மரம் இல்லையென்றால் இன்றைக்கு இந்தப் புதுச் சட்டையை வேறு எவனோ போட்டிருப்பான். முள் கையெல்லாம் ஏறியது, விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓர் எருமை மிதந்து வந்தது, கழுத்துக் கயிறு அதே மரத்தில் மாட்டிக்கொண்டது, நாலு மணி நேரம் நானும் அதுவும் முகத்துக்கு முகம். அதன் மூச்சு சூடாக என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை, நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், பாம்பு எனக்குப் பதில் விசில் அடித்தது என்று சொல்லியிருக்கிறேன், ராணுவத்தில் பனிமலை உச்சியில் ஒரு மாசம் தனியாக நின்றேன் என்று சொல்லியிருக்கிறேன், நான் இருந்தது ராணுவ கேன்டீனில், மூட்டை இறக்கினேன், அதையெல்லாம் கண் இமைக்காமல் சொன்ன வாய்க்கு எருமையின் பார்வை மட்டும் வரவில்லை. ஓடினவனும் ஓடினதும் ஒரே கிளையில் மாட்டியிருந்தோம். அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்ததாக்கும், நான் எதை அறுத்துக்கொண்டு போனேன்.

தண்ணீர் வடிந்து, சாயங்காலம் இடுப்பளவில் நீந்தியும் நடந்தும் திரும்பி வந்தபோது ஒன்பது பிள்ளைகளும் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தன, தங்கமாரி அவர்களுக்கு நடுவில் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடிக் கதவுக்கு எப்போதும் பூட்டு. பெண்பிள்ளைகள் மாடிக்குப் போகக் கூடாது, அது விடுதிச் சட்டம், போனில் பேசுவார்கள், ரோட்டில் போகிறவன் பார்ப்பான். சாவி வார்டனிடம், வார்டன் மதுரையில். தங்கமாரி கீழே ஓடி, சமையல்கூடத்துத் தண்ணீரில் துழாவி, அம்மிக் குழவியை எடுத்து மூன்று மாடி ஏறி அந்தப் பூட்டை உடைத்திருக்கிறாள். அதற்கு முந்தின வருஷம்தான் மாடிக் கதவைத் திறந்து வைத்ததற்காக ஒரு பொம்பளை வாட்ச்மேனை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் மேனேஜர் வந்து, பிள்ளைகளை எப்படிய்யா காப்பாத்தினிய என்று கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன், என் வாய் திறந்துகொண்டது. பின்வாசல் வழியா கரை மேல கூட்டிட்டுப் போனேன் சார், துப்பட்டாவ ஒண்ணோடொண்ணு முடிஞ்சு கயிறாக்கி. அது அவளுக்காகச் சொன்னதா எனக்காகச் சொன்னதா, இந்தக் கேள்வியில் நாலு வருஷமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன், இரண்டு பேருக்கும் ஒரே பொய் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். அவள் அன்றைக்கே அதே மாதிரிப் புதுப் பூட்டு மாட்டி, வார்டன் வந்ததும் கொத்தில் சாவியையும் மாற்றிவிட்டாள். ஒன்பது பிள்ளைகளும் மாடியைப் பற்றி வாய் திறக்கவில்லை, திறந்தால் விசாரணை, படிப்பு முடித்து எங்கெங்கோ போய்விட்டன. எனக்குக் குடியரசு தினத்தில் பொன்னாடை. டீக்கடையில் ஒன்பது இருபத்திரண்டானது, பிறகு நாற்பதாகி நின்றது, நாற்பது என்றால் பொய் மாதிரி இருக்கிறது, எண்ணின மாதிரி இல்லை, அதனால் நாற்பத்து மூன்று ஆக்கினேன்.

பத்து முப்பத்தைந்து. ஹெப்சிபா மேடம் தூரத்தில் போகிறார், கழுத்தில் நிறுத்துக் கடிகாரம், கையில் அட்டை, சிவில் துறைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, இந்தக் கல்லூரியில் எந்த வேலையைக் கொடுத்தாலும் உண்மையாகச் செய்கிற ஒரே ஆள், அதுதான் தொல்லை. பேரிடர் திட்டம் எழுதச் சொன்னால் மற்றவர்கள் வேறு கல்லூரித் திட்டத்தை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்புவார்கள். இவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாட்ச்மேனாக, தோட்டக்காரராக, சமையல் ஆளாகப் போய்க் கேட்டார். உள்ளூர் அனுபவம்தான் ஐயா பெரிசு, புஸ்தகத்துல இதெல்லாம் கிடையாது, சொல்லுங்க என்றார். என் முன்னால் உட்கார்ந்து, கண்ணை அகல விரித்து, ஒரு மணி நேரம். என் பெண்டாட்டி செத்ததிலிருந்து என்னை யாரும் ஒரு மணி நேரம் கேட்டதில்லை. நான் என்ன செய்வேன். துப்பட்டாக் கயிறு வந்தது, நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள், முன்னால் எருமை நீந்த, அதன் வாலைப் பிடித்து முதல் பிள்ளை, அவள் பின்னால் அடுத்தவள் என்று ரயில் மாதிரி விட்டேன். அடுத்த மாசம் அச்சடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், ஆறாம் பக்கத்தில் என் பெயர், ஏழாம் பக்கத்தில் அம்பு. எருமைய மட்டும் எடுத்துட்டேன் ஐயா, மேல போற பேப்பர்லா, நம்ப மாட்டாங்க, மத்ததெல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கு என்றார். அந்தக் கதையில் நிஜமாக இருந்தது எருமை ஒன்றுதான். அதைச் சலித்துக் கொட்டிவிட்டு உமியை மூட்டை கட்டிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை சொல்லித்தான் பார்த்தேன். அவர் அறைக்குப் போய், நின்றுகொண்டு, தொப்பியைக் கழற்றி, மேடம், நான் யாரையும் கூட்டிட்டுப் போகல, நான் ஓடிட்டேன், கரை உடைஞ்சு மரத்துல தொங்கினேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அதுதான் கொடுமை. ஐயா, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி சொல்லுதீங்க, இதுல உங்களையே குறைச்சிக்கிட்டீங்க, அடக்கம் உங்களுக்கு, என்றார். நெசந்தான் மேடம், எருமையும் எங்கூட நாலு மணி நேரம் இருந்துச்சு என்றேன், சொல்லியிருக்கக் கூடாது, எருமை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, பார்த்தீங்களா, எருமை திரும்ப வந்துட்டு, என்றார். தோற்றுப்போய் வந்துவிட்டேன். ஒரு மனுஷன் ஆயிரம் பொய் சொல்லலாம், அவனுடைய ஒரு நிஜத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பான். அதற்கப்புறம் எழுத்தில் கொடுக்கலாமா என்று நினைத்தேன். எழுதினால் அடுத்த கேள்வி, அப்போ பிள்ளைக எப்படித் தப்பிச்சுது. அடுத்த கேள்வி, மாடிப் பூட்டை உடைத்தது யார். அங்கே வந்து நின்றுவிடுகிறது பேனா. அங்கே நிற்பது எனக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன், ஓடினவன் என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் தப்பிக்க அவள் பெயர் எனக்கு உதவுகிறது.

தங்கமாரி சொம்பில் தண்ணீர் கொண்டு வருகிறாள். அவளுக்கும் புதுச் சேலை, ஆரஞ்சுப் பட்டை. “குடிங்க அண்ணாச்சி, மூஞ்சி வெளிறிக் கெடக்கு.” குடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் கரையைப் பார்த்தாள், மண் கொட்டி ரோலர் ஓட்டி மேலே புல் பதித்திருக்கிறார்கள், பார்க்க ஊர்வலம் போகிற பாதை மாதிரி இருக்கிறது. “மண்ணுதான கொட்டியிருக்கான், கல்லு ஒண்ணுகூடக் கட்டலயே” என்றாள். ஆமாம் என்றேன். “மழையில நிக்குமா?” நிக்காது என்றேன். “நான் போயிச் சொல்லிருதேன் அண்ணாச்சி. பூட்ட ஒடச்சது நாந்தான்னு. மிஞ்சிப்போனா என்ன, அனுப்பிருவாவ.” உன் மக பன்னிரண்டாவது இந்த வருஷம் என்றேன். “அதுக்கு? அந்தக் கரையில போறதும் எவளோ பெத்த மகதான.” சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “ஒங்களுக்கும் வெக்கக்கேடு, அதான் இத்தன நாளு வாய மூடிட்டு இருந்தேன்.” நாலு வருஷத்தில் அவள் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அடித்திருந்தால்கூட இவ்வளவு களைப்பாக இருந்திருக்காது. “நீ பேசாத” என்றேன், “நான் பாத்துக்கிடுதேன்.” “என்னத்தப் பாப்பிய, இன்னொரு கதயா?” “ஆமா” என்றேன். அவள் சொம்பை வாங்கிக்கொண்டு போனாள், நடையில் நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை, சும்மா வாயில் வந்தது.

பத்து ஐம்பது. என்ன கதை சொல்லலாம். கரையில் ராஜநாகம் என்றால் பிள்ளைகள் போட்டோ எடுக்க ஓடி வரும். அம்மன் கனவில் வந்தாள் என்றால் மேனேஜர் பூசை போட்டுவிட்டு ஒத்திகையை நாளைக்கு வைப்பார். பெரிய பொய்யெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன, ஒன்றிலும் தெம்பில்லை, எல்லாம் கிழட்டு நாய்கள் மாதிரி வாலை மட்டும் ஆட்டுகின்றன. மயக்கம் போட்டு விழுந்தால் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுக் கதவைத் திறப்பார்கள், இன்றைக்கு ஸ்ட்ரெச்சர் வேறு தயாராக இருக்கிறது. முட்டி வலிக்கிறது. உட்காரலாம். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுகிற மாதிரி ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன், இடுப்பு பெல்ட்டில் தொங்கின சாவி தரையில் தட்டியது, கை அதைக் கழற்றியது, காலுறைக்குள் நுழைத்தது, கயிற்றை இறுக்கியது, நான் எழுந்தேன். நான் எதையும் முடிவு செய்யவில்லை. அன்றைக்குக் கால் தானாகப் போனது, இன்றைக்குக் கை. சாவியின் பல் கணுக்காலில் குத்துகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது.

சங்கு. கையால் சுற்றுகிற சங்கு, முதலில் பூனை மாதிரி முனகி, பிறகு ஊளையிட்டது. பிள்ளைகள் வருகின்றன, வரிசையாக, சிரிப்பும் செல்போனுமாக, ஒருத்தி தலைக்குத் தேய்த்த எண்ணெயோடு, ஒருத்தி தட்டில் பாதி இட்லியோடு, நெஜ வெள்ளம்னா சாம்பாரும் கொண்டு வருவியாடி என்று பின்னால் இருப்பவள் கேட்கிறாள். ஹெப்சிபா மேடம் முன்னால் ஓடி வருகிறார், அவர் பக்கத்தில் தீயணைப்பு அதிகாரி, நரைத்த மீசை, என் வயசுக்குப் பத்துக் குறைவாக இருக்கும், பின்னால் மேனேஜர். “ஐயா, திறங்க” என்கிறார் மேடம். நான் இடுப்பைத் தடவினேன், சட்டைப் பையைத் தடவினேன். “சாவி இல்ல மேடம்.” “இல்லன்னா?” “வீட்ல வச்சிட்டு வந்துட்டேன். மறந்துட்டேன்.” அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே சின்னப் பொய், ஜோடனை கிடையாது, பாம்பு கிடையாது, எண்ணிக்கை கிடையாது, சொல்லும்போதே வாய் கூசியது, இவ்வளவு மட்டமான ஒன்றை எவன் நம்புவான் என்று. எல்லாரும் நம்பினார்கள். அந்த நிமிஷமே நம்பினார்கள். மேடம் முகத்தைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் என் முன்னால் விரிந்து உட்கார்ந்திருந்த அந்தக் கண் மெதுவாகச் சுருங்கி, என்னைச் சாதாரணக் கிழவனாக்கி, கீழே இறக்கி வைத்துவிட்டது. மேனேஜர், “ஆபீஸ் ரூம்ல டூப்ளிகேட் இருக்குல்லா” என்றார். ஆபீஸ் ரூமைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஒத்திகைக்காக வெளியே வந்துவிட்டார்கள், பூட்டின கிளார்க் ஆண்கள் மைதானத்தில் வரிசையில் நிற்கிறார். பிள்ளைகள் பின்னாலிருந்து நெருக்குகின்றன, தாத்தா சாவிய மறந்துட்டாராம் என்று செய்தி வரிசையோடு பின்னால் போகிறது, சிரிப்பு அலையாகத் திரும்பி வருகிறது. “பூட்ட ஒடச்சிரலாமா சார்” என்றார் மேனேஜர். அதிகாரி கதவைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்க்கவில்லை, திரும்பி விடுதிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஒடைக்க எதுக்கு. எழவு விழுத அன்னைக்கும் இவரு மறப்பாரு, இல்லன்னா இவரே வரமாட்டாரு. ஒரு ஆளு, ஒரு பூட்டு, அதுக்குப் பின்னால இவ்வளவு பிள்ளைகளா? இதுக்கு வழின்னா பேரும்மா?” ஹெப்சிபா மேடம், “முன்னால ஒரு தடவை இந்த வழியாத்தான் சார்” என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். “மூணு மாடி நிக்கி. மேல ஏத்தாம கீழ ஏன் நடக்க விடுதிய?” “மொட்டைமாடி எப்பவும் பூட்டியிருக்கும் சார். ஹாஸ்டல் ரூல்” என்றார் மேனேஜர். “அப்ப ரூலையும் பூட்டையும் சேத்துக் கழட்டுங்க. அதை எழுதித் தந்தாத்தான் எங்கிட்ட கையெழுத்து. இப்ப அந்த வழியா ஒரு தடவை ஏத்திப் பாப்போம்.” அடுத்த வரிசையில் நின்ற தங்கமாரி உள்ளங்கையை மூடிக்கொண்டாள். மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது தணிந்த குரலில், “திங்கக்கிழம ஆபீசுக்கு வாரும் வே” என்றார்.

மாடியை வார்டன் திறந்துவிட்டார். இரண்டாவது சங்கு. இப்போது யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை, வேறெங்கும் போகச் சொல்லவுமில்லை, படிக்கட்டுக்குக் கீழே ஓரமாக நின்றேன், இருநூற்று அறுபத்து நாலு ஜோடிச் செருப்பு என் தலைக்கு மேலே ஏறிப் போகிற சத்தம், அது முடியவே முடியாது போலிருந்தது, பிறகு முடிந்தது. மேலேயிருந்து தங்கமாரியின் குரல், எண்ணுகிற குரல், அவள் எண்ணினால் எண்ணினதுதான். “பிள்ளைக இருநூத்தி அறுவத்தி நாலு சார். என்னோட அறுவத்தி அஞ்சு.” அதிகாரி, “லிஸ்ட்ல அறுவத்தி ஆறுல்லா போட்டிருக்கு” என்கிறார். “அண்ணாச்சி கீழ நிக்காவ சார்.” “ஏன், அவருக்குத் தண்ணி வராதா? ஏறி வரச் சொல்லுங்க. ஆளு பூரா மேல வராம நேரத்தை நிப்பாட்ட முடியாது.” கைப்பிடியைப் பிடித்தேன். முதல் மாடி வரைக்கும் கணுக்காலில் ஒரு வலி, முட்டியில் ஒரு வலி, இரண்டாவது மாடியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. திரும்பித் திரும்பி ஏறுகிற படி, ஜன்னல் வழியாகக் கரை தெரிகிறது, இங்கிருந்து பார்த்தால் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது. நடுவில் ஒரு படியில் உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். மேலே ஒரு பிள்ளை, தாத்தா சீக்கிரம் வாங்க, மண்டை காயுது என்று கத்துகிறாள், இன்னொருத்தி, பாவம்டி, மெதுவா வரட்டும் என்கிறாள். கதவைத் தாண்டினபோது வெயில் முகத்தில் அடித்தது, பிள்ளைகள் ஒதுங்கிக் கொஞ்சம் இடம் விட்டார்கள், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஓர் ஓரம். ஹெப்சிபா மேடம் கடிகாரத்தை அழுத்தினார். “பதிமூணு நிமிஷம் சார்” என்று அதிகாரியிடம் சொன்னார், பிறகு அட்டையைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “அதுல ஆறு நிமிஷம் ஐயாவுக்கு மட்டும்” என்றார். “எழுதிக்கிடுங்க” என்றார் அதிகாரி. எழுதினார். எழுதட்டும். இனி அச்சடிக்கிற புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே வருகிற இந்த ஆறில் நான் ஒரு நொடிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.